நான்காம் வரிசை

அசாஹிகாவாவில் பனி வாரும் வண்டி
மூன்றாம் முறை தெருவைச் சுரண்டிப் போகிறது.
பல் கட்டும் கூடத்தில் பகல் முழுக்கப்
பிறர் வாய்க்கு அளவெடுத்த சிசுரு
இரவில் சீட்டுக்கட்டுகளுக்கு அளவெடுக்கிறாள்.
இந்த மாதம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆட்டம்.

முதல் வரிசையில் சாம்பல் நரி.
ஆறாம் சுற்றுக்குள் கழுத்தைக் கவ்விவிடும்,
நூற்றுக்கு ஐம்பத்தெட்டு.
அடுத்தது உப்புக்கடல்: ஒன்றும் செய்யாது,
எதிராளிக்குக் கொட்டாவி வரும்வரை காத்திருக்கும்.
மூன்றில் மணிக்கூண்டு. போன மாதம் அதுதான் ராஜா;
ஒரே ஒரு சீட்டின் விலையை மூன்றிலிருந்து நாலாக்கினார்கள்,
அதன் சீட்டு கிழிந்தது.

அந்துப்பூச்சிக் கட்டை
எப்போதும் கடைசியில் போடுவாள், யோசிக்காமல்.

இன்று குஷிரோவிலிருந்து ஹிதேஓமி என்றொருவர்,
பெயருக்குக் கீழே 'மீன் ஏலக்கூடம், அதிகாலை வேலை',
அந்துப்பூச்சிகளோடு வந்து
அவள் நரியை மூன்று முறை அரித்துத் தின்றார்.

அதே கட்டை அவளும் கட்டிப் பார்த்தாள்.
வென்றாள்.
விடியுமட்டும் வென்றுகொண்டே இருந்தாள்,
தேநீர் ஆடை கட்டியது தெரியாமல்.

மேலே ஏற்றினால்
நாளை மதியத்துக்குள் எல்லார் கையிலும் பூச்சி;
மறுவாரமே அதைப் பொசுக்க யாராவது
ஒரு விளக்கோடு வருவார்கள்.

சுட்டுவிரல் திரைக்கு மேலே கொஞ்சம் நின்றது.
பிறகு நான்காம் வரிசையிலேயே விட்டு,
'பொழுதுபோக்குக்கு மட்டும்' என்ற பழைய குறிப்போடு
அனுப்பிவிட்டாள்.

ஏழு வருடத்தில் முதல் பொய்.

குஷிரோவிலிருந்து நன்றி எதுவும் வரவில்லை.
இன்னொரு ஆட்டத்துக்கு
அழைப்பு வந்தது.