காற்றின் கணக்கில்

எங்கள் பக்கம் சாலைகள் திரும்புவதில்லை.
சஸ்காச்சுவான் முழுக்க
அடிக்கோல் வைத்து இழுத்த கோடுகள்.
இருபுறமும் கோதுமை, கனோலா, மறுபடி கோதுமை.
யார்க்டன் வரை அறுபது கிலோமீட்டர்.
ஒரே ஒரு வளைவு,
ஸ்டெஃபனியுக்கின் குட்டையை ஒட்டி.

அதனால் வண்டி இடப்பக்கம் இழுத்ததை
நவம்பர் முழுக்கக்
காற்றின் கணக்கில் எழுதினேன்.
இங்கே எதற்கும் காற்றுதான் பொறுப்பு:
கதவு கழன்றால், தலை வலித்தால்,
லார்ன் இரவெல்லாம் புரண்டு படுத்தால்.
வடமேற்கிலிருந்து வருகிறது,
யாரும் அதனிடம் ரசீது கேட்பதில்லை.

காலையில் தெற்கே போகும்போது இடப்பக்கம்.
சரி, காற்று.
மாலையில் வடக்கே வரும்போதும் இடப்பக்கம்.
அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

"ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்கிறாய், ஒரிசியா,
தளர்த்திப் பிடி" என்றான் லார்ன்.
தளர்த்திப் பிடித்தேன்.
எதிரே வந்த தானிய லாரியின் ஹாரன்
இன்னும் என் காதில் முடியவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் காற்றே இல்லை.
மைனஸ் முப்பத்து நான்கு.
புகைபோக்கிகளின் புகை
நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றது.
பின் சீட்டில் ஆஸ்பத்திரிப் பெட்டி,
அதற்குள் பதினேழு பேரின் ரத்தம்.
குட்டை வளைவில் திருப்பினேன்.
சக்கரம் திரும்பவில்லை.
உள்ளே யாரோ கோபித்துக்கொண்டு
தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட மாதிரி.
வண்டி நேராகப் போனது,
இந்த மாகாணத்தில் மற்ற எல்லாமும் போவதுபோல்.
வேலி. அறுத்த தாள். மார்பளவு பனி.
பிறகு சத்தமே இல்லை.

குப்பிகளை எண்ணினேன். பதினேழும் முழுசாக இருந்தன.
அப்புறம்தான் என்னைத் தொட்டுப் பார்த்தேன்.

ஸ்டெஃபனியுக் டிராக்டரில் இழுத்து விட்டார்.
"உறைந்திருக்கும்" என்றது ஒரு பட்டறை.
"தூங்கியிருப்பாய்" என்றது இன்னொன்று.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது,
இரண்டு மொழிகளில்.
இரண்டிலும் யாரும் எதையும் செய்திருக்கவில்லை.
சில சூழ்நிலைகளில். நேரக்கூடும்.
ஸ்டியரிங் தண்டின் போல்ட் ஒன்று
போதிய அளவு முறுக்கப்படாமல் இருந்திருக்கலாம்.
ஆகவே வண்டியைத் திரும்ப அழைக்கிறார்களாம்.
திரும்பாத வண்டியை.
நான் சிரித்தேன். லார்ன் சிரிக்கவில்லை.
இரண்டு தடவை படித்தான். எழுந்து போய்
நாய்க்குத் தண்ணீர் வைத்தான்.
கிண்ணம் ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.
அவன் மன்னிப்பு அவ்வளவுதான். வாங்கிக்கொண்டேன்.

பாகம் ஏப்ரலில்தான் வரும்.
அதுவரை கவனமாக ஓட்டவும்.
கவனமாகவா?
வேறு எப்படி ஓட்டினேன் இத்தனை நாள்,
சம்பளம் மைல் கணக்கில்,
வீட்டில் வண்டி ஒன்றே ஒன்று.

யார்க்டனில் கெல்சி என்றொரு பெண்,
காதில் பென்சில், முழங்கை வரை கிரீஸ்,
நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டாள்.
"இதுவா?"
"இதேதான்."
கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
எனக்குத் தருவாயா என்றேன்.
தரக்கூடாதாம்,
எண் ஒட்டிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம்.
ஆனாலும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருக்க விட்டாள்.
கனம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
பில்லில் தொகை: சைபர்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டி
வலப்பக்கம் ஓடியது.
ஓரங்கட்டி நிறுத்தி
அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
மறுபடி கிளப்பி, விரல்களை லேசாக எடுத்தேன்.
நேராகப் போயிற்று.
வண்டியில் ஒன்றுமில்லை.
என் கைகள்தான்
இல்லாத ஒன்றோடு
இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன.

இப்போது ஜூன்.
வேலிக்குப் பணம் வாங்கவில்லை ஸ்டெஃபனியுக்;
என் சக்கரத் தடத்தின் மேலேயே விதைத்துவிட்டார்.
வளைவு வருகிறது. திருப்புகிறேன்.
திரும்புகிறது.
இன்றைக்குக் காற்று பலம்.
ஐந்து மாதப் பழிக்கு
அதனிடம் ஒரு வார்த்தையாவது சொல்லலாமென்று
கண்ணாடியை இறக்கினேன்.
பக்கத்து சீட்டில் கிடந்த சைபர் ரசீது எழும்பி,
என் முகத்தில் ஒருதரம் மோதி,
முளைத்துவரும் கோதுமைக்குள் போய்விட்டது.