எதுவும் இடாத பாத்தி

சொரிசோ என்றால் போர்த்துகீசில் புன்னகை.
ஊரைச் சுற்றிக் கண்ணெட்டிய மட்டும் சோயா,
நடுவில் ஒரு தேவாலயம், நாலு வங்கி,
உரக்கடைகளை எண்ணி முடியாது.
எங்கள் சோதனை நிலம் வடக்கே,
போன ஆண்டுவரை மாடு மேய்ந்த செம்மண்.
சோயா அதைத் தொட்டதே இல்லை,
ஆகவே சோயாவின் வேரில் குடியேறும் பாக்டீரியாவும்
அங்கே கிடையாது.
அதற்காகவே தேர்ந்தேன்.

இருபது பாத்தி.
நான்கில் யூரியா.
நான்கில் பழைய கிருமி, நான்கில் புதியது,
நான்கில் இரண்டும் கலந்து.
மீதி நான்கில்
வெறும் விதை, வெறும் மண், மழை.
அவை மெலிந்தால்தான்
மற்றவை கொழுத்ததற்குக் கணக்கு உண்டு.

கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம்.
கரித்தூள் மாதிரி ஒன்று, பொட்டலத்தில்.
சர்க்கரைத் தண்ணீரில் பிசைந்து
நிழலில் வைத்து விதைக்குப் பூச வேண்டும்.
ஒரு கிராமில் நூறு கோடி உயிர்.
காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்;
செடி அதற்குள் நின்றபடியே பட்டினி கிடக்கும்.
இவை வந்து வேரைத் தட்டும்.
வேர்த்தூவி சுருண்டு வழி விடும்.
உள்ளே போய் இனிப்பை வாங்கிக்கொண்டு
காற்றைச் சமைத்துப் போடும்.

விதைத்தவர் ஜெனிவால்.
பியாவுயியிலிருந்து பஸ்ஸில் வந்து இருபத்தாறு வருஷம்.
டிராக்டரில் ஏறினால் விசில்.
என்னை 'டோத்தோரா' என்பார்.
நான் எழுதிய பாத்தி எண்களை
தன் சட்டையால் துடைத்து நிறுத்துவார்.

ஐந்து வாரம் கழித்து லோன்ட்ரீனாவிலிருந்து வந்தேன்.
தோண்டி, வாளியில் வேரை அலசி,
முடிச்சுகளை எண்ணி, பிளேடால் பிளக்க வேண்டும்.
உள்ளே வெள்ளை என்றால் சோம்பல்,
பச்சை என்றால் ஓய்ந்துவிட்டது,
சிவப்பு என்றால் வேலை நடக்கிறது:
நம் ரத்தத்துக்குத் தூரத்து உறவான நிறமி.

மூன்றாம் பாத்தி. எதுவும் இடாதது.
மஞ்சளாக இருந்திருக்க வேண்டும்.
கரும்பச்சை.
பிடுங்கினேன். ஆணிவேரின் கழுத்தில்
கொத்தாக, மிளகு மிளகாக.
பிளந்தேன். சிவப்பு.
ஏழு, சிவப்பு.
பதினான்கு.
பதினாறை நான் பிளக்கவே இல்லை.

எந்திரத்தைக் கழுவவில்லையோ,
மழைத் தண்ணீர் கொண்டுவந்ததோ,
பூட்ஸின் அடியில் ஒட்டி வந்ததோ என்று
நான் உரக்க யோசித்துக்கொண்டிருக்க
ஜெனிவால் தொப்பியைக் கழற்றினார்.
"மீந்த பொட்டலம் ரெண்டு இருந்தது, டோத்தோரா.
இந்த நாலுக்கு மட்டும் யாரும் எதுவும் தரலையே..."

கத்தினேன். அதை மறைப்பானேன்.
ஒரு பருவம், மானியத்தில் பாதி.
ஒப்பீடு இல்லாத எண்
ஒற்றைத் தட்டுத் தராசு.
நான் கத்தியது சரி, இன்றைக்கும் சொல்வேன்.
அவர் எதிர்த்துப் பேசவில்லை.
"வீட்டில் நாங்கள் ஒன்பது," என்றார்,
"சட்டி என்னிடம் வரும்போது
சுரண்டுகிற சத்தம்தான் மிச்சம்."
மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நோட்டில் எழுதினேன்: 3, 7, 14, 16 நீக்கம்.
காரணம் என்ற கட்டத்தில்
'மாசு' என்று எழுதி
அடித்து
'மனிதப் பிழை' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
கட்டம் சின்னது.

இந்த அக்டோபர், முதல் மழைக்குப் பிறகு
யூகலிப்டஸ் வரிசைக்கு அப்பால் வேறொரு மேய்ச்சல் நிலம்,
மறுபடி இருபது பாத்தி.
பொட்டலங்களை எண்ணிக் கொடுத்து
எண்ணி வாங்கினேன்.
"இந்த வருஷம் எந்த நாலு?" என்றார்.
காட்டினேன்.
அந்த நாலின் மேல் போகும்போது மட்டும்
விசில் இல்லை.

இப்போது அவை மஞ்சளாகிவிட்டன.
தெளிவான மஞ்சள்,
அட்டவணைக்குத் தோதான மஞ்சள்.
மாலையில் ஜீப்பில் அவற்றைத் தாண்டும்போது
ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைக்கிறார்.
குறைக்கச் சொல்ல
எனக்கு வாய் வருவதில்லை.