ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு ஆல்டோ

பதினோரு வருடமாய் இந்த ஊரின்
வாசல் வரைக்கும்தான் வந்திருக்கிறேன்.
நாற்பதடிப் பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு
எண்ணூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய வரிசை.
ஜீரோ கேட் திறந்தால் உள்ளே,
இறக்கினால் வெளியே.
கோட்டைக்கு வடக்கே வெள்ளைக்காரன் பிரித்த
தெருவெல்லாம் யார் கண்டது?
டிரெய்லர் திரும்பாத சந்து
எனக்கு இங்கிலாந்து.

மச்சான் லூர்துராஜின் ஆல்டோ.
பெட்ரோல் நம் செலவு, கீறல் விழக்கூடாது.
ஏறினதும் தரையில் சம்மணம் போட்ட மாதிரி இருந்தது.
பஸ்ஸின் சக்கரம் காதுக்கு நேராகச் சுற்றுகிறது.
"லாரின்னு நெனச்சுத் திருப்பாதே" என்றாள் பிரகாசி.
அப்படித்தான் திருப்பினேன் பாரிமுனையில்,
பாதிச் சாலையை வளைத்து,
பின்னால் வராத வாலுக்கும் இடம் விட்டு.

அவளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.
கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம்
ஆண்டர்சன் தெருவில் பத்திரிகை அட்டை எண்ணியவள்,
நூறு கேட்டால் நூற்றியிரண்டு, அழுக்குக்கு ரெண்டு.
எங்கள் பத்திரிகையும் அங்கேதான் அச்சானது.
என் பெயரில் எழுத்துப்பிழை.

"லெஃப்ட்டு. இது தம்புச் செட்டி. அடுத்தது லிங்கிச் செட்டி."
கடையெல்லாம் ஷட்டர் இறக்கி
தெரு முதல்முறையாக மேலே பார்க்க விட்டது:
மரச் சன்னல், அதன்மேல் சுண்ணாம்புப் பூ,
பூவில் வேர்விட்ட அரசங்கன்று, அதில் காயும் லுங்கி.
"பவளக்காரத் தெருவுல பவளம் கிடைக்குமா?"
"வாளி கிடைக்கும், வேணுமா?"

வால்டாக்ஸ் ரோடு என்றால்
வால் நீண்ட வண்டிக்கு வரி என்று
நாங்கள் டிரைவர்கள் சிரிப்போம்.
ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்ப
வெள்ளைக்காரன் கேட்ட வரி என்றாள்.
"யாரு கட்டினா?"
"சுவரையா, வரியையா?"

மிச்சச் சுவர் ராயபுரம் பக்கம்
பூங்கா என்று பூட்டிக் கிடந்தது.
கம்பி வழியாகப் பார்த்தோம்.
பீரங்கி நின்ற உயரத்தில்
ஒரு நாய் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

எர்ணாவூர் பாலம் ஏறும்போது
பின்னால் ஹார்ன்.
கண்ணாடி முழுக்க ஒரு பம்பர்,
வானமே இல்லை.
ஓரம் ஒதுங்க இடமில்லாமல்
ஆல்டோ எலிக்குஞ்சு மாதிரி நடுங்கியது.
அந்த ஹார்ன் எனக்குத் தெரியும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
அதை நான் அடிப்பது தூக்கம் போவதற்கு.
பிரகாசி டேஷ்போர்டில் கை ஊன்றியவள்
மணலி வரைக்கும் எடுக்கவேயில்லை.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மீஞ்சூர் தாண்டினதும் அவளுக்கு ஊர் தீர்ந்துபோயிற்று.
"இது எந்த இடம்?"
எனக்கும் பஞ்சர் கடை வழியாகத்தான் பூகோளம்.
வடிவேலன் ஏர் கம்பெனி, அப்புறம்
கடன் சொன்னால் முறைக்கும் ஒரு மலையாளி.
நடுவில் வயல்.
வயலுக்குள் கால் அகட்டி நிற்கும் கரண்ட் கோபுரம்,
அதன் காலிடுக்கில் கொக்கு,
அனல்மின் புகையைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் இல்லை.
ஜன்னலை இறக்கினாள்.
சாம்பலும் உப்பும் நெல்லும் ஒரே மூச்சில்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை.
வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடு.
"கேட் பாஸ் கேப்பானோ?" என்றேன்.
வெள்ளைக்காரன் எல்லாம் ஒரே வெள்ளைக்காரன்தான் நமக்கு,
இவன் முந்தி வந்தவனாம்.
பிரகாசி குந்தி உட்கார்ந்து
ஒரு கல்லின் எழுத்தை விரலால் தடவினாள்,
அட்டை சரிபார்க்கும் அதே விரல்.
"நல்ல அச்சு" என்றாள்.
பிறகு கொஞ்ச நேரம் கழித்து,
"பிழை இருக்கும். நமக்குத் தெரியாது."

இருட்டின பிறகு திருப்பிக் கொடுத்தோம்.
லூர்துராஜ் செல்போன் வெளிச்சத்தில்
மூன்று சுற்று சுற்றினான். ஒரு கீறல் இல்லை.
டிக்கியில் மட்டும்,
ஏரிக்கரையில் பேரம் பேசி வாங்கின ஒரு கிலோ இறால்
பையில் ஓட்டை.
அது வியாழக்கிழமை வாக்கில் அவனுக்கே தெரியும்.