நாற்பது

போன ஆயுத பூசைக்கு வைத்த சந்தனம்
எஸ்கேப் பொத்தான்மேல் காய்ந்து கிடக்கிறது.
அரசாங்கம் அனுப்பிய கம்ப்யூட்டர்.
தொட்டால் ஷாக் அடிக்கும் என்று
எட்டாம் வகுப்பைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்
பூதலிங்கம் சார்.
நான் தற்காலிகக் கணக்கு டீச்சர்.
ஐந்து மணிக்கு மேல் சாவி என்னிடம்.

இதற்கு மூன்று குரல். நாலாவது வெறும் இரைச்சல்.
மூன்றை வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று
ஒரு மாதம் தெரியவில்லை.
நாலாவதில் முதல் நாளே சாரல் விழுந்தது.
கணவாய் வழியாகப் புளியரைக்கு இறங்குமே, அதே சாரல்,
வெளியே ஓட்டிலும் உள்ளே ஸ்பீக்கரிலும்.
எது நின்றது என்று பார்க்க
எழுந்து ஜன்னலுக்குப் போக வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் உச்சிமாகாளி எட்டிப் பார்த்தார்:
"உள்ள என்ன டீச்சர், சுவர்க்கோழியா?"
ஆமா என்றேன்.

எண்தான் சுரம்.
ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு நாலு படி,
ஹார்மோனியம் நுழைய முடியாத சந்துகள்.
குரல் போதவில்லை என்றால் ஒரு தந்திரம் உண்டு:
ஒரே குரலை மூன்று சுரத்தில்
மாற்றி மாற்றி ஓடவிட வேண்டும், இமைப்பதற்குள்.
மூன்று பேர் பாடுவதாகக் காது நம்பிவிடும்.
எனக்கு இது புதிதில்லை.
ரேஷன் கடையில் தமிழ், கொல்லம் பஸ்ஸில் மலையாளம்,
புனலூர்ச் சித்தியிடம் இரண்டிலும் சேராத ஒன்று.
தொண்டை ஒன்றுதான்.

ஆடியில் ஒரு சாயங்காலம்.
செக்போஸ்ட் வரிசை பள்ளிக்கூட மதில் வரை நின்றது,
முட்டை, சிமெண்டு, வைக்கோல்.
வைக்கோல் லாரி ஹாரன் அடித்தது:
மூன்று சுரம், மேலிருந்து கீழே.
பென்சிலைக் கடித்துக்கொண்டு தேடினேன்.
எண்பத்தொன்று.
அறுபத்தொன்பது. இல்லை, எழுபது,
நடு ஹாரன் கொஞ்சம் நசுங்கியிருக்க வேண்டும்.
ஐம்பத்து மூன்று.
ஒலியளவு மைனஸ் பதினைந்து
(இந்த மெஷினுக்குக் கழித்தால்தான் சத்தம்).
ஜன்னலைத் திறந்து வைத்து ரன் கொடுத்தேன்.

வைக்கோல்மேல் படுத்திருந்த கிளீனர்
எழுந்து உட்கார்ந்தான்.
லாரியைப் பார்த்தான். பள்ளிக்கூடத்தைப் பார்த்தான்.
சரிந்து இறங்கிக் கேபினுக்குள் கையை விட்டு
அதையே அடித்தான்.
நான் அதையே கொடுத்தேன்.
இப்போது கீழிருந்து மேலே அடித்தான்.
எண்களைத் திருப்பிப் போட்டேன்.
டிரைவர் மலையாளத்தில் ஏசியது இங்கே வரை கேட்டது.
அவன் கடைசிச் சுரத்தை இழுத்தான், விடவே மாட்டேன் என்பதுபோல.
அந்த நீளத்துக்கு எத்தனை போடலாம் என்று
விரலை வைத்தேன்.

கரண்ட் போனது.

கேசட்டில் ஏற்றியிருக்கவில்லை.
மெமரியில் இருந்தது மெமரியோடு போச்சு.
இருட்டில் அவன் அடித்தான்.
காத்திருந்தான்.
இன்னொரு தடவை, மெதுவாக,
ராத்திரியில் கதவு தட்டுகிறவன்போல.
வாய்விட்டுப் பாடியிருக்கலாம். சுரம் தெரியும்.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வரிசை நகர்ந்தது.

வெளிச்சம் வந்தபோது
அவன் ஆரியங்காவு தாண்டியிருப்பான்.
பத்தாம் வரியிலிருந்து மறுபடி அடித்தேன்.
அவன் அடித்ததை எழுதவில்லை, என் பதில்களை மட்டும்.
ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் ஒரு வரி:
சவுண்டு ஒன்று, சைபர், சைபர், நாற்பது.
ஒலியளவு சைபர். நாற்பது என்றால் இரண்டு நொடி.
கடைசி பதிலுக்குப் பிறகும் அந்த வரியைப் போட்டேன்.
போட்டுப் பார்த்தேன்.
மெஷின் அந்த இரண்டு நொடியையும்
பிசகாமல் வாசித்தது.

கேசட்டில் ஏற்றும்போது
ப்ரோக்ராம் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று போனது.
வெளியே பீடி நெருப்பு நகர்ந்தது.
"இன்னும் தூங்கலையா உங்க சுவர்க்கோழி?"