தொப்பி

ஜவாகேத்தி மேட்டில் மே மாதம்.
ஏரியின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பனிக்கட்டி.
கிளுவையின் பின்புறத்தில் பஞ்சுக்குச்சி செலுத்தி
குப்பிக்குள் முறித்துப் போட்டு
எண் எழுதுகிறேன்: நாற்பத்தேழு.
அது என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கிறது.
அதற்குக் காய்ச்சல் இல்லை.
அதற்குள் இருப்பதற்கும் அவசரமில்லை.

"அப்படி என்னதான் செய்யும் அது?"
துடுப்பில் சாய்ந்தபடி ஹ்ராந்த்.

சொன்னேன்:
எட்டுத் துண்டு ஆர்என்ஏ.
சொந்தமாய்த் தொப்பி கிடையாது.
நம் செல் எழுதும் கடிதங்களைத் தலையோடு நறுக்கும்,
பத்துப் பதின்மூன்று எழுத்துக் கழுத்தையும் சேர்த்து.
அதை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும்.
புரதப் பட்டறையில் யாரும்
முகம் பார்ப்பதில்லை.

அவர் சிரிக்கவில்லை.
"தலை போன கடிதம்?"

என் ஆய்வேட்டில் அதற்கு ஒரு வரிதான்.
"சிதைந்துபோகும்" என்றேன்.

ஐம்பத்திரண்டாவது வாத்தைப் பறக்கவிட்டபோது
என் கம்பளிக் குல்லாயும் கூடவே போனது.
ஏரி அதை மெதுவாகக் குடித்தது.
ஹ்ராந்த் தன்னுடையதைக் கழற்றி
என் காதுவரை இழுத்துவிட்டார்:
ஆட்டுத்தோல், புகையிலை,
எத்தனையோ குளிர்காலத்து வியர்வை.

மாலை.
குளிர்பெட்டியோடு தனியாக
அவர் வீட்டு முற்றத்துக்கு வருகிறேன்.
காலையில் என் கணுக்காலைக் கேட்டுக் குரைத்த
மூன்று நாய்களும்
மூக்கைத் தூக்கின,
வாலை ஒருமுறை அசைத்தன,
படுத்துக்கொண்டன.

கதவைத் திறந்த கை அப்படியே நிற்க
திரும்பிப் பார்த்தேன்.
கரையில், காற்றில்,
வெறுந்தலையோடு
படகை இழுத்துக்கொண்டிருக்கிறார் அவர்.