இரண்டாவது இலவச சர்வீஸ்

கம்பெனியிலிருந்து வந்த கடிதம் ஒரே பக்கம்.
மறுவாரம் ஏணியோடு இரண்டு பேர் வந்து
ஒவ்வோர் எழுத்தாகக் கழற்றினார்கள்.
அவை இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுக்கவில்லை;
ஓசூர் ரோடு சிக்னலில் நிற்பவர்கள்
இப்போதும் பெயரைப் படிக்கிறார்கள்.

எங்களுக்கு முன்பே தெரிந்துகொண்டவள்
எதிர்ப்புறம் பூ விற்கும் சம்பங்கியம்மா.
வண்டிக்கு நாலு எலுமிச்சை,
நல்ல நாளென்றால் நாற்பது.
தை பிறந்தும் "என்னம்மா, எட்டுதானா?" என்றாள்.

டெமோ காரை பேங்க்காரர்கள் ஓட்டிப்போனார்கள்.
டெலிவரி போட்டோவுக்கென்று செய்த ஆளுயரத் தெர்மகோல் சாவி
யார் கணக்கிலும் வரவில்லை.
வாட்ச்மேன் பசப்பா அதைச் சாய்த்துவைத்து
சாரலைத் தடுக்கிறார்.

என் சொந்த நம்பரைத்தான்
எல்லோருக்கும் கொடுத்திருந்தேன்.
நேற்று எலகங்காவிலிருந்து ஒருவர்:
"மேடம், ரெண்டாவது ஃப்ரீ சர்வீஸ்,
எப்போ கொண்டுவரட்டும்?"

பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன்.
ஒரு கை கம்பியில்.
"செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, சார்"
என்று வாய் சொல்லிவிட்டது,
அந்தப் பழைய தேன்குரலில்.

திரும்ப அழைத்தேன், மூன்று முறை.
எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு கேட்க வேண்டும்
புது வேலையில்.
பூட்டிய கேட்டுக்கு முன்னால்
பத்து மணிக்கு நான் நிற்க வேண்டும்.