குழிக்கணக்கு

ஒட்டுசுட்டானுக்கு வடக்கே, கண்ணிவெடி எடுத்து முடித்த காட்டில்
குழிக்கு நாற்பது ரூபாய்.
ஒன்றரை அடி. அதற்குக் கீழே கிண்டாதே என்றார்கள்,
காரணம் சொல்லவில்லை.

கறுத்தப் பையைக் கிழித்து
நான் வைத்ததெல்லாம் அக்கேசியா.
கேட்டு வந்த மரமில்லை, அதன்மேல் எனக்குக் கோபமுமில்லை.
மூன்றாம் மாரிக்குள் என் உயரத்தைத் தாண்டிவிட்டது.
நிழல் நிழல்தான்.

ஆடியில் கரடி வந்தது.
பாலை பழுக்கிற காலமென்று
அதன் வயிற்றுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.
ஒரு மரத்தடியில் மூக்கை வைத்து ஊதியது.
அடுத்ததற்குப் போனது.
வரிசை முடியும் வரைக்கும் போய்
எதையோ மறந்த ஆள் மாதிரி நின்றது.
காவல் கொட்டிலில் இருந்த நான்
வெடி கொளுத்தவில்லை.

கணக்கெடுக்க வந்த விமலேந்திரன்
"தொண்ணூற்றிரண்டு வீதம் பிழைச்சிருக்கு" என்று எழுதினார்.
பக்கத்தில் நான் கையெழுத்து வைத்தேன்.
பொய்யில்லை அது.

பாலை ஒன்று தோள் உயரம் வருவதற்குள்
இந்தத் திட்டம் முடிந்து
வேறு மூன்று திட்டம் வந்துபோகும்.
அதற்குக் குழிக்கூலி எந்தப் பக்கத்தில் எழுதுவது?

நூற்றிப்பதினேழாம் குழியில் மட்டும்
கரடி எச்சத்தில் பொறுக்கிய விதை.
பட்டியலில் அது
செத்த எட்டு வீதத்துக்குள் கிடக்கிறது,
இரண்டு இலையோடு.